எமனுக்கு ஓவர்டைம்

சித்ரா பௌர்ணமி சித்திரகுப்தனுக்கு உரிய நாள். காஞ்சிபுரத்தில் அவருக்குத் தனிக் கோயிலே உண்டு. எமதர்மராஜன் ஆபீஸில் அவர்தான் ஹெட்கிளார்க். யார் எப்போது வர வேண்டும், வருகிற ஆள் இங்கே என்னென்ன செய்துவிட்டு வருகிறார் என்கிற பேரேடு முழுக்க அவர் கையெழுத்து. 1945-இல் சித்ரா பௌர்ணமி ஏப்ரல் 27-ஆம் தேதி வந்தது. நோட்டும் பேனாவும் வைத்துக் கும்பிட்டவர்களை அந்த வருடம் அவர் ஏறெடுத்தும் பார்த்திருக்க மாட்டார். ஆபீஸில் வேலை அப்படி. அந்த ஒரே மாதத்தில் ஓர் அமெரிக்க ஜனாதிபதி, ஓர் இத்தாலிய சர்வாதிகாரி, ஒரு ஜெர்மானிய சர்வாதிகாரி என்று மூன்று தடித்த ஃபைல்களை அவர் மூட வேண்டியிருந்தது. 12-ஆம் தேதி ஆரம்பித்து 30-ஆம் தேதி முடித்துவிட்டார். உலகப் போரின் பெரிய தலைகளில் மிச்சமிருந்த சர்ச்சிலை ஜூலை மாதம் அவருடைய ஜனங்களே ஓட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஸ்டாலினைப் பார்க்க எமனே அப்பாயின்ட்மென்ட் வாங்க வேண்டும். அது கிடைக்க ஏறக்குறைய எட்டு வருடம் ஆயிற்று.

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அதே ஏப்ரலில் பெர்லின் தெருக்களிலும் ஒக்கினாவாவிலும் வதைமுகாம்களிலும் செத்த சாதாரண ஜனங்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. அவர்களை வைத்துச் சிரிக்க முடியாது. பெரிய மனிதர்களை வைத்துச் சிரிக்கலாம். அதற்கான ஏற்பாடுகளை அவர்களே பக்கத்தில் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள்: ஒரு டாக்டர், ஒரு ஜோசியர், கூப்பிட்ட குரலுக்கு நாலு ஆமாம்சாமிகள்.

முதல் ஃபைல் ஃபிராங்ளின் ரூஸ்வெல்ட். நான்கு தடவை அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்த ஒரே ஆள். நான்காவது தடவை நிற்கும்போது அவர் உடம்பு எந்த லட்சணத்தில் இருந்தது என்பது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்குத் தெரியும். அந்தச் சிலரில் அவரைச் சேர்க்கவில்லை. வெள்ளை மாளிகை டாக்டர் ராஸ் மெக்கின்டயர் கடற்படையில் அட்மிரல் அந்தஸ்து உள்ளவர். ஆனால் நிபுணத்துவம் காது, மூக்கு, தொண்டை. ஜனாதிபதிக்கு சைனஸ் தொந்தரவு உண்டு. அந்த மட்டில் பொருத்தமான டாக்டர்தான். கழுத்துக்குக் கீழே இருந்த இருதயம், ரத்தக்குழாய் முதலிய சில்லறை உறுப்புகளைத்தான் யாரும் கவனிக்கவில்லை.

1944 மார்ச்சில் அப்பாவின் முகத்தைப் பார்த்து மகள் ஆன்னாவுக்கு பயம் வந்துவிட்டது. அவர் நச்சரித்ததில் பெதஸ்டா கடற்படை மருத்துவமனையில் ஹோவர்ட் புரூயன் என்ற இளம் இருதய டாக்டர் ஜனாதிபதியைச் சோதித்தார். ரத்த அழுத்தம் 186-க்கு 108. இருதயம் பெருத்துப்போய், வேலை செய்ய மறுத்துக்கொண்டிருந்தது. புரூயன் ஆடிப்போனார். அவருக்கு மேலிடத்து உத்தரவு: நோயாளியிடம் எதுவும் சொல்லக் கூடாது. நோயாளியோ அதற்கும் மேலே. தனக்கு என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாளைக்கு இத்தனை மாத்திரை என்றால் விழுங்கினார். சிகரெட்டைக் குறை என்றால் குறைத்தார். நார்மண்டியில் எத்தனை டிவிஷன் இறங்க வேண்டும் என்று நுணுக்கி நுணுக்கிக் கேட்ட மனிதர், தன் மார்புக்குள் என்ன நடக்கிறது என்று கேட்கவே இல்லை. மெக்கின்டயர் பத்திரிகைக்காரர்களிடம், வயதுக்கு ஜனாதிபதி பிரமாதமாக இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நவம்பரில் ஜனங்கள் நம்பி ஓட்டுப் போட்டார்கள்.

ஏப்ரல் 12, 1945. நம் பஞ்சாங்கப்படி அமாவாசை. ஜார்ஜியா மாநிலத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற வெந்நீர் ஊற்று ஊர். போலியோவில் கால் போனதிலிருந்து ரூஸ்வெல்ட் அங்கே போய்க்கொண்டிருந்தார். அன்று மத்தியானம் எலிசபெத் ஷூமடாஃப் என்ற ஓவியர் எதிரே உட்கார்ந்து அவரை வரைந்துகொண்டிருந்தார். ஒன்றேகால் மணி சுமாருக்கு, பின்மண்டையில் கடுமையான வலி என்றார், சாய்ந்தார். மூளையில் ரத்தக்கசிவு. மூன்று மணி முப்பத்தைந்து நிமிடத்துக்கு உயிர் போயிற்று. வயது 63. ஓவியம் பாதியில் நின்றது. இன்றும் பாதியாகவே அங்கே மாட்டியிருக்கிறது. எல்லாம் திடீரென்று நடந்துவிட்டது, யாரும் எதிர்பார்க்கவில்லை என்றார் மெக்கின்டயர். மூக்கின் பக்கமிருந்து பார்த்தால் திடீர்தான்.

அறையில் இன்னொரு பெண்மணியும் இருந்தார். லூசி மெர்சர் ரதர்ஃபர்ட். ஒரு காலத்தில் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினாருக்கு செக்ரட்டரியாக இருந்தவர். 1918-இல் அவர் எழுதிய காதல் கடிதங்கள் எலினார் கையில் சிக்கி, குடும்பம் முறியும் நிலைக்கு வந்து, இனி அந்தப் பெண் முகத்தில் விழிப்பதில்லை என்று கணவர் வாக்குக் கொடுத்திருந்தார். வாக்குக் கொடுப்பது அரசியல்வாதியின் தொழில் என்பதை எலினார் மறந்துவிட்டார் போல. இந்தச் சந்திப்புகளுக்கு ஏற்பாடு செய்துகொடுத்தது சொந்த மகள் ஆன்னா. ஜனாதிபதி சாய்ந்ததும் லூசியும் ஓவியரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அன்று ராத்திரி வந்து இறங்கிய எலினாரிடம் உறவுக்காரப் பெண்மணி ஒருவர் சமயம் பார்த்து எல்லாவற்றையும் போட்டுடைத்தார். எழவு வீட்டிலும் கோள் சொல்ல ஒரு சொந்தக்காரி இருப்பது நமக்கு மட்டுமே உரிய பாக்கியமல்ல.

வாஷிங்டனில் துணை ஜனாதிபதி ஹாரி ட்ரூமன், அவைத்தலைவர் சாம் ரேபர்ன் அறைக்கு சாயங்கால விஸ்கிக்காகப் போனார். வெள்ளை மாளிகையிலிருந்து உடனே வா என்று போன். ஓடினார். ஜனாதிபதி காலமாகிவிட்டார் என்று எலினார் சொன்னதும், நான் ஏதாவது உதவட்டுமா என்று பதறிக் கேட்டார். உங்களுக்கு நாங்கள் என்ன உதவ வேண்டும் என்று சொல்லுங்கள், இனி மாட்டிக்கொண்டவர் நீங்கள்தான் என்றார் எலினார். அந்த வருடத்தின் மிகச் சரியான அரசியல் விமர்சனம் இதுதான். ட்ரூமன் துணை ஜனாதிபதியாக இருந்தது 82 நாள். ரூஸ்வெல்ட் அவரை ஒரு பொருட்டாக மதித்து எதையும் சொல்லி வைத்ததில்லை. நாட்டில் அணுகுண்டு ஒன்று தயாராகிக்கொண்டிருக்கிறது என்ற சின்னத் தகவல்கூட அவருக்கு முழுசாகத் தெரிந்தது ஏப்ரல் 25-ஆம் தேதி, போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன் வந்து உட்கார்ந்து விளக்கிய பிறகு.

எதிரி நாடான ஜப்பானின் பிரதமர் சுசுகி, ரூஸ்வெல்ட் மறைவுக்கு அமெரிக்க மக்களிடம் அனுதாபம் தெரிவித்தார். ஜெர்மனியில் ஷாம்பெயின் பாட்டிலைத் திறந்தார்கள்.

அந்த ஷாம்பெயின் கதைதான் இந்த மாதத்தின் உச்சம். பெர்லினில் பதுங்குகுழிக்குள் ஹிட்லர். சோவியத் செஞ்சேனை ஓடர் ஆற்றங்கரைக்கு வந்துவிட்டது. சுவரில் பிரஷ்ய மாமன்னன் ஃபிரெடரிக்கின் படம். தலைவரின் மனம் தளரக் கூடாது என்று பிரசார மந்திரி கோயபல்ஸ், தாமஸ் கார்லைல் எழுதிய ஃபிரெடரிக் சரித்திரத்திலிருந்து வாசித்துக் காட்டினார். கதை இது: ஏழாண்டுப் போரில் ஃபிரெடரிக் நொறுங்கிப்போய் விஷம் குடிக்க நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார். 1762 ஜனவரியில் ரஷ்ய மகாராணி எலிசபெத் திடீரென்று கண்ணை மூடுகிறார். பட்டத்துக்கு வந்தவர் ஃபிரெடரிக்கின் பரம ரசிகர். போர் நிற்கிறது, பிரஷ்யா பிழைக்கிறது. கேட்டு ஹிட்லர் கண் கலங்கினார் என்று சாட்சி இருக்கிறது.

அத்தோடு விடாமல் ஜாதகத்தையும் வரவழைத்தார்கள். இதில் ஒரு சின்ன சங்கடம். 1941-இல் ஹிட்லரின் துணைத்தலைவர் ஹெஸ் தானே விமானம் ஓட்டிக்கொண்டு ஸ்காட்லாந்தில் போய்க் குதித்தபோது, ஜோசியக்காரன் பேச்சைக் கேட்டுத்தான் கெட்டுப்போனான் என்று சொல்லி, ஜெர்மனியில் ஜோசியர்களை நூற்றுக்கணக்கில் பிடித்து உள்ளே போட்டிருந்தார்கள். ஜோசியர்களைத்தான் போட்டார்களே தவிர ஜாதகங்களைக் கிழிக்கவில்லை. எஸ்.எஸ். படைத் தலைவர் ஹிம்லரின் இலாகாவில் அவை ஃபைல் நம்பரோடு பத்திரமாக இருந்தன. ஒன்று ஹிட்லர் பதவியேற்ற 1933 ஜனவரி 30-ஐ வைத்துக் கணித்தது. இன்னொன்று 1918-இல் பிறந்த ஜெர்மன் குடியரசின் ஜாதகம். கோயபல்ஸ் இரண்டையும் விரித்துப் பலன் பார்த்தார். 1939-இல் யுத்தம் என்று இருக்கிறதா, இருக்கிறது. 1941 வரை வெற்றி, ஆமாம். அப்புறம் அடிமேல் அடி, 1945 ஏப்ரல் முதல் பாதி படுமோசம், சந்தேகமென்ன. ஏப்ரல் பின்பாதியில் தற்காலிக வெற்றி. ஆகஸ்டில் சமாதானம். மூன்று வருடம் கஷ்ட ஜீவனம், 1948-இலிருந்து ஜெர்மனிக்கு மறுபடி ஏறுமுகம். ராகு கேது பரிகாரம் மட்டும்தான் இல்லை.

ஏப்ரல் 12-ஆம் தேதி கோயபல்ஸ் போர்முனைக்குப் பக்கத்தில் ஜெனரல் புஸ்ஸேயின் முகாமுக்குப் போய் அதிகாரிகளுக்கு ஃபிரெடரிக் கதாகாலட்சேபம் நடத்தினார். கடைசி நேரத்தில் விதி ஒரு திருப்பம் கொடுக்கும் என்றார். கேட்டுக்கொண்டிருந்த ஓர் அதிகாரி, சரி, இந்தத் தடவை எந்த மகாராணி சாகப்போகிறாள் என்று கேட்டார். மூன்றாம் ரைக்கின் பன்னிரண்டு வருட வாழ்வில் கோயபல்ஸிடம் இதைவிட நியாயமான கேள்வியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவரிடம் பதில் இல்லை. ராத்திரி பெர்லின் திரும்பினால், குண்டுவீச்சில் நகரம் எரிந்துகொண்டிருக்கிறது. வாசலிலேயே செய்தி: ரூஸ்வெல்ட் செத்தார்.

உள்ளதிலேயே உசத்தியான ஷாம்பெயினைக் கொண்டுவரச் சொல்லி, ஹிட்லருக்குப் போன் போட்டு வாழ்த்துச் சொன்னார். நட்சத்திரங்கள் சொன்னபடியே நடக்கிறது, பின்பாதி நமக்குத்தான், இன்று ஏப்ரல் 13, வெள்ளிக்கிழமை என்றார். ஐரோப்பாவில் 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமை என்றால் வீட்டைவிட்டு வெளியே கிளம்ப யோசிப்பார்கள். அவருக்கு அதுகூட சுபதினமாகத் தெரிந்தது. இங்கே அன்று தமிழ்ப் புத்தாண்டு, பார்த்திப வருடப் பிறப்பு. கோயில் மண்டபங்களில் பஞ்சாங்கம் வாசித்திருப்பார்கள். கேட்டவர்கள் பாதியை நம்பி மீதியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மாங்காய்ப் பச்சடி சாப்பிட்டிருப்பார்கள். ஜோசியத்தை அந்த அளவோடு வைத்துக்கொள்ளும் பக்குவம் பெர்லினில் இல்லை. அதே 13-ஆம் தேதி வியன்னா செஞ்சேனை கைக்குப் போனது. 16-ஆம் தேதி சோவியத் தளபதி ஜூகோவின் பீரங்கிகள் பெர்லினை நோக்கி முழங்கின. பின்பாதி பிறந்துவிட்டது.

நடுவில் சிலரை வேகமாகப் பார்த்துவிடலாம். 18-ஆம் தேதி இங்கிலாந்தில் ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங் 95 வயதில் காலமானார். 1904-இல் வானொலி வால்வைக் கண்டுபிடித்தவர். ரூஸ்வெல்ட்டின் கணப்படுப்புப் பேச்சு, கோயபல்ஸின் ஓலம், முசோலினியின் பால்கனி முழக்கம் எல்லாம் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது இவர் போட்ட பாதையில்தான். யாரும் இவரைக் குறை சொல்லவில்லை. கத்தியைச் செய்தவன் என்ன செய்வான். அதே 18-ஆம் தேதி ஒக்கினாவா அருகே ஒரு தீவில் எர்னி பைல் என்ற அமெரிக்கப் போர் நிருபர் ஜப்பானியத் துப்பாக்கிக் குண்டில் செத்தார். தளபதிகளை விட்டுவிட்டு சிப்பாய்களைப் பற்றி எழுதியவர் என்பதால் சிப்பாய்கள் அழுதார்கள். 21-ஆம் தேதி ஜெர்மானிய ஃபீல்டு மார்ஷல் மாடல். ஃபீல்டு மார்ஷல் என்பவன் சரணடையக் கூடாது என்பது அவர் கொள்கை. மூன்று லட்சம் பேரோடு ரூர் பகுதியில் மாட்டிக்கொண்டபோது அவர் கண்டுபிடித்த உபாயம் எந்த குமாஸ்தாவுக்கும் பெருமை சேர்க்கும்: தன் படையையே கலைத்து உத்தரவு போட்டுவிட்டார். படையே இல்லாதபோது சரணடைவது யார்? அப்புறம் காட்டுக்குள் போய்ச் சுட்டுக்கொண்டார்.

இனி முசோலினி. 1943-இலேயே இத்தாலி ராஜா அவரை டிஸ்மிஸ் செய்து மலைமேல் ஒரு ஹோட்டலில் அடைத்துவைத்தார். ஹிட்லர் கிளைடரில் ஆள் இறக்கி மீட்டு, வட இத்தாலியில் ஒரு பொம்மை ராஜ்யம் வைத்துக்கொடுத்தார். கூடவே ஒரு ஜெர்மன் டாக்டரையும் அனுப்பிவைத்தார். வயிற்றுப்புண்ணைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று, ஆளைப் பார்த்துக்கொண்ட மாதிரியும் ஆயிற்று.

1945 ஏப்ரல் 25. மிலான் நகரம் கிளர்ந்துவிட்டது. கர்தினால் ஷூஸ்டர் வீட்டில் போராளிகளோடு பேச்சுவார்த்தை. அவர்கள் வந்து சேரும்வரை கர்தினால் முசோலினிக்கு பிஸ்கட்டும் ஒரு கிளாஸ் மதுவும் கொடுத்து, பாவமன்னிப்பைப் பற்றி எடுத்துச் சொல்லி, தான் எழுதிய புனித பெனடிக்ட் சரித்திரத்தையும் கையில் கொடுத்தார். அந்த மாதம் சர்வாதிகாரிகளுக்கு எல்லோரும் சரித்திரப் புத்தகமாகக் கொடுத்தார்கள். பேச்சு ஆரம்பித்ததும்தான், ஜெர்மானியர்கள் தன் முதுகுக்குப் பின்னால் எதிரியிடம் தனியாக சரணாகதி பேசிக்கொண்டிருப்பது முசோலினிக்குத் தெரிந்தது. கொதித்துப்போய், ஒரு மணி நேரத்தில் பதில் சொல்கிறேன் என்று எழுந்து போனார். போனவர் கோமோ ஏரிப் பக்கம் போய்விட்டார்.

மலையில் கடைசிக் கோட்டை கட்டிப் போராடுவோம், ஆயிரக்கணக்கில் கருஞ்சட்டைப் படை கொண்டுவருகிறேன் என்று கட்சிச் செயலாளர் பவோலினி சத்தியம் செய்திருந்தார். வந்தார். எத்தனை பேர் என்று முசோலினி கேட்டார். தயங்கி, பன்னிரண்டு என்றார் பவோலினி. இருபது வருடம் பால்கனியில் நின்று லட்சம் லட்சமாகக் கூட்டத்தைப் பார்த்த மனிதருக்கு அந்தப் பன்னிரண்டு எப்படிக் கேட்டிருக்கும்!

27-ஆம் தேதி, அந்த சித்ரா பௌர்ணமி அன்று, பின்வாங்கிக்கொண்டிருந்த ஜெர்மானிய லாரி வரிசையில் ஏறிக்கொண்டார். ஏரிக்கரையில் போராளிகள் மறித்தார்கள். ஜெர்மானியர் போகலாம், இத்தாலியர் இறங்க வேண்டும் என்று பேசி முடித்தார்கள். டோங்கோ என்ற ஊரில் லாரி லாரியாகச் சோதனை. ஒன்றில் ஜெர்மன் ஹெல்மெட், ஜெர்மன் விமானப்படை ஓவர்கோட், மூலையில் சுருண்டு கிடக்கிறது ஓர் உருவம். நம்ம ஆள்தான், குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்றார்கள் கூட இருந்த சிப்பாய்கள். இத்தாலியில் அந்தத் தாடையைத் தெரியாதவன் யார்? சுவர், தபால்தலை, பள்ளிப் புத்தகம் என்று ஒரு தலைமுறைக்கே அதைக் காட்டி வளர்த்திருக்கிறாரே. தன் முகத்தைத் தானே விளம்பரம் செய்ததன் பலன் கையோடு கிடைத்தது.

மறுநாள் ஜூலினோ என்ற கிராமத்தில் ஒரு பங்களா கேட் முன்னால் சுட்டார்கள். சுட வந்தவர் வால்டர் அவுதீசியோ, அடிப்படையில் கணக்கர். அவர் பிற்பாடு சொன்ன கதைப்படி, அவருடைய துப்பாக்கி மக்கர் செய்தது, பிஸ்டலும் வெடிக்கவில்லை, பக்கத்து ஆளின் துப்பாக்கியைக் கடன் வாங்கித்தான் காரியம் முடிந்தது. யார் சுட்டது என்பதில் இத்தாலியில் இன்றும் ஆளுக்கொரு கதை. காதலி கிளாரா பெட்டாச்சியும் அங்கேயே செத்தார். தப்பிக்க வழியிருந்தும் கூட வந்தவர். அந்த வாரம் முசோலினியை விட்டு ஓடாத வெகு சிலரில் அவரும் ஒருவர். அதற்குக் கிடைத்த பரிசு மிலானில் பெட்ரோல் பங்க் கம்பியில் தலைகீழாகத் தொங்கியது. முந்தைய வருடம் ஆகஸ்டில் அதே லொரேட்டோ சதுக்கத்தில்தான் பதினைந்து போராளிகளைச் சுட்டுக் காட்சிக்குப் போட்டிருந்தார்கள். ஜனங்கள் இடத்தை மறக்கவில்லை.

மனிதர் செத்த பிறகுதான் அதிகம் ஊர் சுற்றினார். அடையாளமில்லாத குழியில் புதைத்த உடலை, 1946 ஏப்ரலில் லெச்சீசி என்ற பாசிச பக்தர் கூட்டாளிகளோடு தோண்டிக் கிளப்பிக்கொண்டு போனார். நான்கு மாதம் தேடி ஒரு மடாலயத்தில் பெட்டிக்குள் கண்டுபிடித்தார்கள். இன்னொரு தடவை திருட்டுப் போகக் கூடாதென்று, அரசாங்கமே ஒரு கப்புச்சின் மடத்தில் 11 வருடம் ஒளித்து வைத்தது. 1957-இல் பிரதமர் சோலிக்கு ஆட்சியைக் காப்பாற்றப் பாசிசக் கட்சியின் ஓட்டுகள் தேவைப்பட்டன. உடல் சொந்த ஊரான பிரெதாப்பியோவுக்குப் போயிற்று. அப்போது பாராளுமன்றத்தில் அந்தக் கட்சி எம்.பி.க்களில் ஒருவர் யார் தெரியுமா? அதே லெச்சீசி. பிணம் திருடியதை ஒரு தகுதியாகவே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். மூளையில் ஒரு துண்டை, இவருக்கு என்னதான் கோளாறு என்று பார்க்க அமெரிக்கர்கள் எடுத்துப் போயிருந்தார்கள். 1966-இல் மனைவிக்குத் திருப்பி அனுப்பினார்கள். கோளாறு எதுவும் அகப்படவில்லை.

பெர்லினில் ஏப்ரல் 20-ஆம் தேதி ஹிட்லருக்கு 56-ஆவது பிறந்தநாள். எல்லோரும் வந்து கைகுலுக்கிவிட்டு, நகரத்தைவிட்டு வெளியேற எந்த ரோடு திறந்திருக்கிறது என்று விசாரித்தார்கள். விமானப்படைத் தளபதி கோரிங் அன்றைக்கே தெற்கே கிளம்பிவிட்டார். ஹிட்லருடைய டாக்டர் மோரெல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ரூஸ்வெல்ட்டுக்கு மூக்கு டாக்டர் என்றால், இவருக்கு பெர்லினில் சரும வியாதியும் பால்வினை வியாதியும் பார்த்துக் காசு சேர்த்தவர். தலைவருக்கு வாயுத் தொந்தரவு. அதற்கு மோரெல் கொடுத்த மாத்திரையில் எட்டிக்கொட்டை விஷமான ஸ்ட்ரிக்னின் கொஞ்சம் சேர்ந்திருந்தது. போதாததற்கு மனிதக் குடல் கிருமியை அடைத்த மாத்திரை ஒன்று, தினசரி ஊசிகள். பிறந்தநாள் முடிந்த கையோடு, இனி மருந்து வேண்டாம் என்று அவரையும் விரட்டியாயிற்று.

23-ஆம் தேதி கோரிங்கிடமிருந்து தந்தி. நீங்கள் பெர்லினில் மாட்டிக்கொண்டிருப்பதால் என்னை வாரிசாக்கி 1941-இல் போட்ட உத்தரவுப்படி நான் பொறுப்பேற்கலாமா, ராத்திரி பத்து மணிக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன். உயில் எழுதிவைத்தவன் படுக்கையைச் சுற்றி நிற்கும் பங்காளி மாதிரி. பதில் வந்தது, கைது உத்தரவாக. 28-ஆம் தேதி, விசுவாசத்துக்கே உதாரணமான ஹிம்லர் சுவீடன்காரர் மூலம் சரணடையப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று வெளிநாட்டு ரேடியோ செய்தி சொன்னது. ஹிம்லரின் ஆளான ஃபெகலைன் பெர்லினில் தன் வீட்டில் மஃப்டியில் போதையில் கிடந்து முன்னாடியே பிடிபட்டிருந்தார். ஹிட்லரின் காதலி ஈவா பிரௌனின் தங்கை கணவர். அந்த ராத்திரி அவரைச் சுட்டார்கள். கல்யாண வீடாயிற்றே, சம்பந்தி வீட்டில் யாரையாவது கோபித்துக்கொள்ளாமல் எப்படி?

ஆம், கல்யாணம். 29-ஆம் தேதி பின்னிரவு. தெருவில் சண்டை போட்டுக்கொண்டிருந்த வாக்னர் என்ற நகராட்சி அலுவலரைத் தேடிப் பிடித்து வந்தார்கள். அவர் சட்டப்படிதான் செய்வேன் என்றார். சட்டப்படி மணமக்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நீங்கள் சுத்தமான ஆரிய வம்சமா, பரம்பரை வியாதி ஏதும் உண்டா? ஹிட்லரைப் பார்த்து ஆரியரா என்று கேட்டார் வாக்னர். ஹிட்லர் ஆமாம் என்றார். அவ்வளவுதான், ஆதாரம் எதுவும் காட்டச் சொல்லவில்லை. இதே கேள்விக்குத் தாத்தா பாட்டியின் ஞானஸ்நான சர்டிபிகேட் வரை கேட்டு, இல்லாதவர்களை வேலையைவிட்டும் வீட்டைவிட்டும் கடைசியில் உயிரைவிட்டும் துரத்திய ராஜ்யம் அது. மணமகள் கையெழுத்துப் போடும்போது பழக்கதோஷத்தில் பிரௌனின் முதல் எழுத்தைப் போட்டு, அடித்துவிட்டு, ஹிட்லர் என்று எழுதினார். மாப்பிள்ளை பக்கத்து அறைக்குப் போய் செக்ரட்டரியிடம் உயில் சொல்ல ஆரம்பித்தார். உலகத்தில் தன்னைத் தவிர எல்லோர்மேலும் பழி போட்டிருந்தார். அன்று முசோலினி முடிந்த செய்தியும் வந்து சேர்ந்தது. விஷக் குப்பிகள் ஹிம்லர் கொடுத்தவை. ஹிம்லரே துரோகி என்றால் விஷத்தை எப்படி நம்புவது என்று சந்தேகம். செல்ல நாய் பிளாண்டிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பரீட்சையில் விஷம் தேறியது.

தலைவர் கடைசியாக எல்லோரிடமும் விடைபெற்ற ராத்திரி, மேலே கான்டீனில் டான்ஸ் நடந்துகொண்டிருந்தது. சத்தத்தைக் குறையுங்கள் என்று கீழேயிருந்து ஆள் வந்து சொல்லியும் ஆட்டம் நிற்கவில்லை. 30-ஆம் தேதி மத்தியானம் மூன்றரை சுமாருக்குப் புதுமணத் தம்பதி கதவைச் சாத்திக்கொண்டார்கள். கல்யாணமாகி இரண்டு நாள்கூட ஆகவில்லை. ஹிட்லர் முன்னால் யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. உடல்களை மேலே கொண்டுபோய் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்திவிட்டு வந்ததும் பதுங்குகுழியில் ஆளாளுக்கு ஒன்றைப் பற்றவைத்தார்கள். ஆயிர வருட ராஜ்யத்தில் முதலில் வந்த சுதந்திரம் அதுதான்.

உயிலின்படி புதிய சான்சலர் கோயபல்ஸ். ஒருநாள் பதவி. மே 1-ஆம் தேதி போனதால் இந்த மாதப் பட்டியலில் அவருக்கு இடமில்லை. போகும்போது தன் ஆறு குழந்தைகளையும் விஷம் வைத்துக் கொல்ல விட்ட மனிதரை வைத்து மேற்கொண்டு ஜோக்கடிக்க எனக்கு மனமில்லை. ஜாதகத்தை மட்டும் முடித்துவிடுகிறேன். ஆகஸ்டில் சமாதானம் என்றிருந்ததா? 15-ஆம் தேதி ஜப்பான் சரணடைந்தது, உலகப் போர் முடிந்தது. 1948-இலிருந்து ஏறுமுகம் என்றிருந்ததா? அந்த ஜூனில் மேற்கு ஜெர்மனியில் புது மார்க் நாணயம் வந்து கடைகள் நிரம்பின. ஜோசியம் பலித்தது, ஜாதகர்தான் இல்லை.

பட்டியலில் தேதிப்படி முன்னால் வரவேண்டிய ஒருவரை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருக்கிறேன். கெயார்க் எல்சர். தச்சர். கட்சி, கூட்டம், சித்தாந்தச் சண்டை எதுவும் பெரிதாகக் கிடையாது. இந்த ஆள் இருந்தால் யுத்தம் வரும், ஆளைத் தூக்கிவிட வேண்டும் என்று தனக்குத்தானே முடிவு செய்தார். ம்யூனிக்கில் ஹிட்லர் வருடா வருடம் நவம்பர் 8-ஆம் தேதி பேசும் பீர் மண்டபத்தில், மூடும் நேரத்தில் ஒளிந்துகொண்டு, முப்பதுக்கும் மேற்பட்ட இரவுகள் முட்டிபோட்டுத் தூணைக் குடைந்து, கடிகார குண்டு வைத்தார். 1939 நவம்பர் 8, இரவு 9.20-க்கு குண்டு சொன்ன நேரத்தில் வெடித்தது. அன்று மூடுபனி. விமானம் கிடையாது, ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று ஹிட்லர் பேச்சைச் சுருக்கிக்கொண்டு 9.07-க்கே இறங்கிவிட்டார். எட்டுப் பேர் செத்தார்கள், அவர் இல்லை. மணிக்கணக்கில் பேசுகிற ஆள் வாழ்நாளில் சுருக்கமாகப் பேசிய ஒரு நாள் அது.

எல்சர் எல்லையில் பிடிபட்டார். ஒற்றைத் தச்சன் தனியாகச் செய்தான் என்பதை ரகசியப் போலீஸான கெஸ்டபோ நம்பவில்லை. பின்னால் பிரிட்டிஷ் உளவாளிகள் இருக்க வேண்டும் என்று அடித்தார்கள். அவர் குண்டை மறுபடி செய்தே காட்டினார். போரில் ஜெயித்ததும் பெரிய விசாரணை நாடகம் நடத்தலாம் என்று ஐந்து வருடத்துக்குமேல் உயிரோடு வைத்திருந்தார்கள். ஜெயிக்க மாட்டோம் என்று தெரிந்ததும் 1945 ஏப்ரல் 5-ஆம் தேதி மேலிடத்து உத்தரவு போயிற்று: அடுத்த விமானத் தாக்குதலில் அவர் தற்செயலாகச் செத்துப்போக வேண்டும். ராஜ்யமே எரிந்துகொண்டிருக்கும்போதும் பொய்யைக் கோப்பில் ஒழுங்காகப் பதிந்தார்கள். ஏப்ரல் 9-ஆம் தேதி டாஹவ் முகாமில் சுட்டார்கள். அமெரிக்கப் படை அந்த முகாமைத் திறந்தது 29-ஆம் தேதி, ஹிட்லர் கல்யாணம் செய்துகொண்ட நாள்.

அந்த மாதம் செத்த பிரபலங்களில் டாக்டர், ஜோசியர், ஆமாம்சாமி மூன்றும் இல்லாமல் நிலைமையைச் சரியாகக் கணித்தவர் இவர் ஒருவர்தான். நாடு அதை ஒப்புக்கொள்ள நெடுநாள் ஆயிற்று. 2011-இல் பெர்லின் வில்ஹெல்ம் தெருவில் அவருடைய முகச்சாயலை 17 மீட்டர் உயர எஃகு வளைவாக நிறுத்தினார்கள். ராத்திரியில் விளக்குப் போடுகிறார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஹிட்லரின் பதுங்குகுழி இருந்த இடம். அதன் மேலே ஓர் அறிவிப்புப் பலகையும் கார் பார்க்கிங்கும் இருக்கின்றன.